சேலத்திலிருந்து ஜெர்மனிக்கு: போய்ச் சேர்ந்தபின் ஒட்டிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

விசா வாங்குவது எப்படி என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. இந்த வழிகாட்டி அதற்கு அடுத்த கட்டத்துக்கானது. போய் இறங்கியாயிற்று, வேலையோ படிப்போ தொடங்கியாயிற்று, கையில் காசும் புழங்குகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையெல்லாம் மூடிக் கிடக்க, அறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "நான் ஏன் இங்கே இருக்கிறேன்" என்று தோன்றும் பாருங்கள், அந்தக் கட்டம். அதற்கான ஏற்பாடு கிளம்பும் முன்பே தொடங்குகிறது.

நான் டோர்ட்முண்ட் பக்கம் சில வருடங்கள் இருந்துவிட்டு இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமிருந்து கிளம்பும் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மாக்களும் வந்து விசாரிப்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது ஊர் நம்முடையதாவது, அங்கே யாராவது நம்மை எதிர்பார்க்கத் தொடங்கும்போதுதான். "செவ்வாய்க்கிழமை வருகிற ஆளைக் காணோமே" என்று ஒருவர் கேட்க வேண்டும். அது தானாக நடக்காது, நாம்தான் நடக்க வைக்க வேண்டும்.

படி 1: பெயரைச் சரிசெய்யுங்கள்

நமக்கு இனிஷியல்தான் குடும்பப் பெயர். ஜெர்மனியில் அது செல்லாது. எல்லாப் படிவத்திலும் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். மு. கார்த்திக் என்பவர் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து முருகேசன் என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுக்கொள்வது நல்லது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், டிகிரி, பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். மாநகராட்சியில் பதிவான பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. அதைச் சேர்க்க நாளாகும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

இதற்கு இவ்வளவு அக்கறை ஏன்? அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயர்தான் இருக்கும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். ஆக கார்த்திக்கை எல்லோரும் "ஹெர் முருகேசன்", அதாவது திரு. முருகேசன், என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாபேட்டையில் தறி ஓட்டும் அப்பாவின் பெயர் டோர்ட்முண்ட் வாசலில் ஒட்டியிருக்கும். முதலில் கூச்சமாக இருக்கும், அப்புறம் பிடித்துப்போகும்.

படி 2: வீட்டுக் காரியங்களை ஒப்படையுங்கள்

மனசு பாதி இங்கேயே கிடந்தால் அங்கே எதிலும் ஒட்டாது. கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை சில. சொத்து விவகாரம் எதுவும் இருந்தால் பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இங்கேயே பதிவு செய்துவிடுங்கள். அங்கே போனபின் என்றால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பி, அது இங்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வீண் அலைச்சல். பவரும் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் கொடுங்கள், சித்தப்பாவே ஆனாலும் சரி.

வெளிநாட்டில் குடியேறிய பின் இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாடு வாழ் இந்தியர் இங்குள்ள வருமானத்தைப் போட்டு வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு.

அம்மாவுக்கு வீடியோ கால், கேஸ் பதிவு, மின்கட்டணம் மூன்றையும் அவர் கையாலேயே செய்யப் பழக்குங்கள். ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு பேரைப் பேசி வைத்து, அவர்கள் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். போன் பேசும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். இதைச் சொல்லி வைக்காவிட்டால் அன்றைக்கு அம்மா போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

படி 3: மொழியை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்

"இங்கிலீஷ் போதும்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அலுவலகத்துக்குப் போதும், படிக்கட்டில் எதிரே வருகிறவரிடம் பேசப் போதாது. சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் சிரிக்கும்போது நாம் மட்டும் ஒரு நொடி தள்ளிச் சிரிப்பது போன்ற தனிமை வேறில்லை. மொழித் தேர்ச்சியை ஏ1-இல் தொடங்கி சி2 வரை நிலை நிலையாகப் பிரித்திருப்பார்கள். செவிலியராகப் பதிவு செய்யப் பெரும்பாலும் பி2 நிலை கேட்பார்கள். மற்றவர்களும் கிளம்பும் முன் பி1 முடித்தால் முதல் வருடம் பாதி எளிதாகிவிடும்.

ஆனால் தேர்வு வேறு, பேச்சு வேறு. பேச்சுக்குப் பாடம் வேண்டுமென்றால் நம்ம ஊர் ஓட்டல்களைப் பாருங்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையன் சில மாதத்தில் "அண்ணா, சாம்பார் ஊத்தட்டா?" என்று கேட்கிறான். அவன் எந்த வகுப்புக்கும் போகவில்லை. தப்பாகப் பேச வெட்கப்படவில்லை, அவ்வளவுதான். கிளம்பும் முன் அப்படி ஒருவரிடம் உட்கார்ந்து, வந்த புதிதில் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்குமேல் உங்களுக்கும் பொருந்தும். நம்மில் எத்தனை பேர் அவர்களிடம் பெயரைக் கேட்டிருக்கிறோம் என்ற கேள்வியும் கூடவே வரும்.

அங்கே போனதும் ஊருக்கு ஊர் நடக்கும் வயதுவந்தோர் கல்விக் கூடத்தில் சேருங்கள். ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே என்பார்கள், கட்டணம் தனியார் வகுப்புகளைவிடப் பெரும்பாலும் குறைவு. வகுப்பைவிட அங்கே உடன் படிப்பவர்கள் முக்கியம். சிரியாக்காரர், உக்ரைன்காரர், பிரேசில்காரர் எல்லோருக்கும் பொதுவான ஒரே மொழி உடைந்த ஜெர்மன்தான். அதில் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது.

படி 4: பெட்டி

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, ஆகவே வீட்டு நெய்யும் பால்கோவாவும் இங்கேயே இருக்கட்டும். பழத்தில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் தவிர மற்றவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். மல்கோவா ஏறாது, பச்சைக் கறிவேப்பிலையும் ஏறாது. தட்டுவடை தாராளமாக ஏறும். ஆனால் அதில் சட்னி வைத்துச் செட்டு போட, அங்கே நம்ம ஊர்ச் சட்னி வராது, எத்தனையோ விதமாக அரைத்துப் பார்த்தாயிற்று.

மின்சாரம் அங்கும் 230 வோல்ட்தான், மிக்ஸி ஓடும், பிளக்குக்கு அடாப்டர் வாங்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினியக் குக்கர் வேலை செய்யாது, அடி தடித்த இண்டக்‌ஷன் வகை எடுங்கள். பில்டரும் டபராவும் கட்டாயம். ஏற்காட்டுக் காப்பித்தூள் ஒரு பொட்டலம் போதும், தீர்ந்தபின் அங்கே கிடைப்பதைக் குடிக்கப் பழகுவதும் இந்த வழிகாட்டியில் சேர்த்திதான்.

படி 5: முதல் இரண்டு வாரம்

வீடு புகுந்த 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பது இதுதான். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு இல்லாமல் நடக்காது. எனவே வீடு பேசும்போதே "பதிய அனுமதி உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பதியும்போது மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் என்று எழுதினால் வருமான வரியோடு சபை வரியும் பிடிப்பார்கள்: பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற இடங்களில் 9. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும். டிவி இல்லையே என்று கிழித்துப் போட்டால் அபராதத்தோடு திரும்ப வரும். ஒரு கோப்பு வாங்கி எல்லாக் கடிதத்தையும் தேதிவாரியாகப் போடுங்கள்.

படி 6: படிக்கட்டில் தொடங்குங்கள்

இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை சத்தம் கூடாது, ஞாயிறு முழுக்கவும் அப்படித்தான். பத்தரை மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தால் மறுநாள் கதவில் சீட்டு ஒட்டியிருக்கும். குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், உணவுக் கழிவு என்று பிரித்துப் போட வேண்டும். தப்பாகப் போட்டால் யாராவது வந்து சொல்வார்கள். வெளிநாட்டுக்காரன் என்பதால் சொல்கிறார்கள் என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த தெருக்காரரிடமும் அதையேதான் சொல்வார்கள்.

இனி ஒரு தந்திரம். ஆள் இல்லாத வீட்டுக்கு வரும் பார்சலைக் கூரியர்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். உங்கள் மணியை அடித்தால் சலித்துக்கொள்ளாமல் வாங்கி வையுங்கள். எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி அம்மையார் ஒருவர் பல மாதமாக வணக்கத்தைத் தாண்டி ஒரு சொல் பேசியதில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். கூரியர்காரர் அவர் பெட்டியில் போட்டிருந்த சீட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, என் அப்பா பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, "இது நீங்களா?" என்றார். பார்சலைக் கொடுத்தேன். என்ன வேலை, எந்த ஊர், இவ்வளவு மெல்லிய சட்டையில் குளிராதா என்று படியிலேயே நின்று கேட்டார். அதன்பின் நான் ஊருக்குப் போனால் என் தபாலை அவர்தான் எடுத்து வைப்பார்.

படி 7: தமிழர்களைத் தேடுங்கள், பணிவோடு

ஹாம் நகரத்தின் ஊன்ட்ரோப் பகுதியில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-ல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவில் முழுக் கோபுரத்தோடு நிற்கும். கோடையில் தேர்த் திருவிழாவுக்குக் காவடியும் கற்பூரமுமாக ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் இருந்ததே இல்லை என்கிறவர்கள் முதல் வருடமே அங்கே போய்விடுங்கள்.

அங்கே பெரும்பாலோர் ஈழத் தமிழர்கள். நாம் சம்பளக் கடிதத்தோடு போனோம். அவர்களோ 1983-க்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். வேலை செய்யவே அனுமதியில்லாமல் விடுதிகளில் காத்திருந்து, பின்பு ஓட்டல் சமையலறைகளில் நின்று, கடையும் கோயிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் கட்டினார்கள். நமக்கு இன்று முருங்கைக்காய் கிடைக்கிறது என்றால் அவர்கள் கடை போட்டதால்தான். அவர்கள் பேச்சை நடித்துக் காட்டிச் சிரிப்பது, அரசியல் பாடம் எடுப்பது இரண்டும் வேண்டாம். சேலம் மாவட்டத்திலேயே குறுக்குப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. நம்மில் பலர் அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு பழகினால் சரியாக இருக்கும்.

தமிழர்களோடு மட்டுமே இருந்துவிடலாமா? இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பிரியாணி, கிரிக்கெட், வாட்ஸ்அப் குழு. நன்றாகத்தான் போகும், அந்த நண்பர்கள் வேறு நகரத்துக்கு வேலை மாறும் வரை. மென்பொருள்காரர் கூட்டம் சட்டென்று கலையும். ஊரிலேயே வேரூன்றிய ஆட்களும் வேண்டும் என்பது அதனால்தான்.

படி 8: ஒரு சங்கத்தில் சேருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு: கால்பந்து, பாட்டு, தோட்டம், புறா வளர்ப்பு, சதுரங்கம். ஃபெராயின் என்பார்கள். சிறு ஊர்களில் தீயணைப்புப் படைகூடத் தொண்டர்களால் நடப்பதுதான். அலுவலகத்தில் நட்பாகாத ஜெர்மன்காரர் சங்கத்தில் நட்பாவார். காரணம் எளிது: அங்கே பேச்சை வளர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது.

சதுரங்கம் நமக்குத் தோது, மொழி குறைவாகத் தேவைப்படும். நான் போனது செவ்வாய்க்கிழமை மாலைச் சங்கம். முதல் மாதம் கையைக் குலுக்குவார்கள், ஆடுவார்கள், போய்விடுவார்கள். மனம் விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம்கூடத் தவறாமல் போங்கள், முடிந்ததும் நாற்காலிகளை எடுத்து அடுக்குங்கள். அடுக்கும்போதுதான் பேச்சு வரும். கோடை விழாவுக்கு முன்னால் ஒரு தாள் சுற்றி வந்தது, யார் என்ன கேக் கொண்டுவருவது என்ற பட்டியல். நீலப் பேனாவில் வரிசையாகப் பெயர்கள். கீழே என் பெயரை யாரோ ஏற்கெனவே எழுதி, எதிரே கேள்விக்குறி போட்டிருந்தார்கள். கேசரி என்று எழுதினேன். மஞ்சளாக இருந்ததைப் பார்த்து எலுமிச்சைக் கேக் என்று நினைத்து எடுத்தவர்கள், மறுபடி வந்து எடுத்தார்கள். அடுத்த வருடம் கேள்விக்குறிக்குப் பதிலாகக் கேசரி என்றே எழுதியிருந்தது.

அதே சங்கத்தில் என்னோடு ஆடியவர் ஒருவர் துருக்கியக் குடும்பம். ஜெர்மனியும் துருக்கியும் 1961-ல் ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டபின் அவர் அப்பா நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வந்தவர். "நான் பிறந்தது இதே தெரு. இன்னும் என்னை எந்த நாடு என்று கேட்கிறார்கள்" என்பார், காயை நகர்த்திக்கொண்டே. நாட்டுக்குச் சொந்தமாவது நம் கையில் இல்லை என்று எனக்குப் புரிந்தது அவரிடம்தான். ஒரு கட்டடத்துக்கும் ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் சொந்தமாவது கையில் இருக்கிறது.

படி 9: நவம்பருக்கும் அவமானத்துக்கும் தயாராகுங்கள்

நவம்பர் கடைசியில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மத்தியானம் கால் மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வைட்டமின் டி பற்றிக் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் அதையும் மறைக்காமல் அவரிடமே சொல்லுங்கள். அம்மாவிடம் "எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்வது சரி, மருத்துவரிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

போனில் காலியாக இருப்பதாகச் சொன்ன வீடு, பெயரைச் சொன்னதும் போய்விட்டதாகும். எனக்கும் நடந்தது. எல்லாமே பாகுபாடு அல்ல, எதுவுமே பாகுபாடு அல்ல என்பதும் பொய். 2006 முதல் சமநடத்தைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தரும். இழப்பீடு கேட்பதானால் பொதுவாக 2 மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஆகவே நடந்த அன்றே தேதி, நேரம், சொன்ன சொல் மூன்றையும் எழுதி வையுங்கள். வழக்குப் போடாவிட்டாலும் எழுதியது மனசை விட்டு இறங்கும்.

படி 10: முதல் முறை ஊருக்கு வரும்போது

இது ஒரு படியா என்பீர்கள். கஷ்டமான படியே இதுதான். பெங்களூரில் இறங்கி தொப்பூர் கணவாய் தாண்டும்போது தொண்டை அடைக்கும். வீட்டுக்கு வந்த முதல் நாளே "எப்ப வந்தே?" என்ற கேள்வியோடு "எப்ப போறே?"யும் சேர்ந்து வரும். உங்கள் அறையில் நெல் மூட்டை இருக்கும். நண்பர்கள் பேசும் பாதி விஷயம் உங்களுக்குத் தெரியாது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்ற கலக்கம் வரும்.

அதற்கு என் யோசனை: சாக்லெட் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கும் வேலையை முதல் மூன்று நாளில் முடித்துவிடுங்கள். மீதி நாட்களில் விருந்தாளியாக இருக்காதீர்கள். ரேஷன் கடை வரிசையில் நில்லுங்கள், அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுங்கள். விலையை யூரோவில் மாற்றிச் சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரருக்கு அது உடனே காதில் விழும்.

படி 11: நிரந்தரமா, திரும்புவதா

நீலக் கார்டு (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான வசிப்பு அனுமதி) வைத்திருப்பவர்கள் பி1 மொழித் தகுதியோடு 21 மாதத்திலும், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்திலும் நிரந்தர வசிப்பு அனுமதி கேட்கலாம். குடியுரிமைக்குப் பொதுவாக 5 வருடம். தேர்வில் 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் இந்தியா ஏற்காது. ஜெர்மன் குடியுரிமை வாங்கிய நொடியில் இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம், வந்து போகலாம், தங்கலாம், ஓட்டுப் போட முடியாது.

நிறையப் பேர் வைத்திருக்கும் கனவு ஒன்று உண்டு: சம்பாதித்துவிட்டு ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வாங்கிப் போட வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரோ ஓ.சி.ஐ. அட்டைக்காரரோ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அப்பா தாத்தா வழியில் வந்தால் வைத்துக்கொள்ளலாம், வீடும் மனையும் வாங்கலாம். இந்தியக் குடிமகனாகவே இருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்தால் தோட்டமும் வாங்கலாம். குடியுரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், அதுவும் வீடியோ காலில் வேண்டாம், நேரில். முடிவெடுத்து வாங்கிவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.சி.ஐ. விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள்.